கரையில் கிடந்த செருப்பு

பொன்மணி: பழைய செருப்பு எங்கன்னு எவளாவது கேட்டா, ரயில்ல தொலஞ்சு போச்சுன்னு சொல்லிரு. என்ன?

சுதாராணி: கால்லதான் புதுசு கெடக்கே. யாரு கேக்கப் போறா?

பொன்மணி: கேப்பாளுவ. நம்ம ஊரு பஸ்ஸுல ஏறுனா மொகத்தப் பாக்க மாட்டாளுவ, காலத்தான் பாப்பாளுவ.

சுதாராணி: உள்ளதச் சொல்லும்மா. ஏரிக்கரையில கழட்டிப் போட்டேன், செக்யூரிட்டி வெரட்டுனான், எடுக்க விடலன்னு சொல்லு. இதுல நமக்கு என்ன வெக்கம்? வெரட்டுனவனுக்குல்ல வெக்கம்.

பொன்மணி: மெல்லப் பேசுட்டி. தொண்டை இன்னும் கட்டிக்கிட்டுல்லா கெடக்கு.

சுதாராணி: அந்த ஆள நான் சும்மா விட்டிருக்கக் கூடாது.

பொன்மணி: அவன் பாவம். மேல இருந்து சொல்லுதாவ, அவன் செய்யுதான்.

சுதாராணி: அத விடு. ஒரு மாசம் எங்கூட இருக்கேன்னு வந்துட்டு மூணா நாளே கெளம்பிட்டியே, அதுக்கு என்ன சொல்லுவ?

பொன்மணி: தீப்பெட்டி ஆபீஸ்ல லீவு இல்லன்னு சொல்லுவேன். நீ தொணைக்கு வந்தன்னு... ஐயோ, சங்கரம்மா மதினி ஏறுதா. சிரி. சிரிச்ச மாதிரி இரு.

சங்கரம்மாள்: ஏ பொன்மணி! பட்டணத்துக்குப் போனவ இங்கன இருக்கா! தள்ளு தள்ளு, தக்காளி நசுங்கிரும். என்ன அதுக்குள்ள? மக வெரட்டி விட்டுட்டாளா?

பொன்மணி: போங்க மதினி. அவளா வெரட்டுவா? ஆபீஸ்ல ஆளு பத்தலன்னு கணக்குப்பிள்ளை போன் மேல போன்.

சங்கரம்மாள்: தாயும் ஆபீஸு, மகளும் ஆபீஸு. நீ பெட்டியில குச்சி அடைக்க... ஏ ராணி, நீ அங்கன என்னதான் செய்யுத? ஒங்கம்மா சொன்னா எனக்கு வெளங்கல.

சுதாராணி: ஹெல்ப் டெஸ்க், அத்தை. அங்க குடியிருக்கவங்க, கடைக்காரங்க, யாருக்கு என்ன புகார்னாலும் எங்களுக்குத்தான் போன் வரும். நாங்க வாக்கி டாக்கில சொல்லி ஆள அனுப்புவோம். லிப்ட் நின்னா மெக்கானிக்கு, குழாய் ஒடஞ்சா பிளம்பரு...

பொன்மணி: அது கெடக்கட்டும். அந்த எடத்தப் பாக்கணுமே மதினி!

சங்கரம்மாள்: அம்புட்டுப் பெருசா?

பொன்மணி: நம்ம கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல இருந்து ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கட்டடமா நட்டு வச்சதா நெனச்சுக்கோங்க. ஒண்ணொண்ணும் நாப்பது மாடி. கீழ கடை, அதுக்கு மேல ஆபீஸு, அதுக்கும் மேல வீடு. நடுவுல அஞ்சு ஏரி.

சங்கரம்மாள்: ஏரிக்கரையில கட்டிட்டாவளாக்கும்.

சுதாராணி: இல்ல அத்தை. கட்டடத்தக் கட்டிட்டு ஏரிய வச்சாங்க.

சங்கரம்மாள்: வச்சாவளா? ஏரி என்ன அலமாரியாட்டி, வாங்கி வைக்க?

சுதாராணி: குழி தோண்டி, பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு, தண்ணிய விட்டா ஏரி.

சங்கரம்மாள்: இங்க ஊருணி வத்தி, தரை பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. என் ஆடு கால விட்டு ஒடிச்சுக்கிட்டு வந்து நிக்கி. அங்க எறங்கிக் குளிப்பாவளா?

சுதாராணி: தொடவே கூடாது.

சங்கரம்மாள்: பொறவு எதுக்கு அது?

சுதாராணி: மாடியில இருந்து பாக்கதுக்கு. ஏரி தெரிஞ்சா வீட்டுக்கு வெலை கூட.

சங்கரம்மாள்: கோட்டிக்காரப் பயலுவ. நீ கிட்டத்துல பாத்தியா பொன்மணி?

பொன்மணி: பாக்காமலா? ராணிதான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி காட்டுனா. கூட வேல பாக்குத பிள்ளைய எல்லாம் வந்துச்சு. ‘இவியதான் எங்கம்மா’ன்னு ஒவ்வொருத்தர்ட்டயும் சொன்னா. ஒரு பையன் ஓடிப் போயி ஜூஸ் வாங்கிட்டு வந்தான்.

சுதாராணி: யம்மா...

பொன்மணி: என்னட்டி, வாங்கிட்டு வரலியா?

சுதாராணி: ...வந்தான்.

சங்கரம்மாள்: அதான் பிள்ளை! எங்க அண்ணன் மகன் இருக்கானே, காலேஜ்ல ஆண்டு விழான்னு போனப்ப, பெத்த அப்பன டீக்கடையில உக்கார வச்சுட்டு உள்ள போயிட்டான். அழுக்கு வேட்டியாம். எங்கண்ணன் அன்னைக்குப் பூரா டீயக் குடிச்சுட்டே இருந்திருக்கான். ஏன் ராணி தலையத் தொங்கப் போடுத? ஒன்னயப் பெருமையாத்தான சொல்லுதேன்.

சுதாராணி: வெயிலு அத்தை. கண்ணு கூசுது.

சங்கரம்மாள்: எங்க பிரித்திகாவுக்கும் இந்த வருஷம் படிப்பு முடியுது. ஒன் ஆபீஸ்லயே சேத்து விடு. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல கெடங்க.

சுதாராணி: வேண்டாம் அத்தை.

சங்கரம்மாள்: ஏன்?

சுதாராணி: நல்ல எடமில்ல.

சங்கரம்மாள்: நீ மட்டும் இருக்க?

சுதாராணி: இருக்கதனாலதான் சொல்லுதேன்.

சங்கரம்மாள்: ஓகோ... எங்க பிள்ளை பக்கத்துல வந்து நின்னா ஒனக்குக் கொறச்சலாயிருமோ?

பொன்மணி: ஐயோ மதினி, ரயில்ல தூங்காத அசதியில பேசுதா. சேத்து விடுவா, நான் சொல்லுதேன். அந்தத் தண்ணியப் பாத்தா பிரித்திகா திரும்பி வரவே மாட்டா. கண்ணாடி கணக்கா, சலசலன்னு, அம்புட்டுச் சுத்தமா...

சுதாராணி: கக்கூஸ் தண்ணிம்மா அது!

பொன்மணி: என்னது?

சுதாராணி: நாப்பது மாடிக் கழிவும் கீழ வந்து, அதக் கொஞ்சம் சுத்தம் பண்ணி ஏரியில விடுதாங்க. கண்ணாடியாம் கண்ணாடி! அதப் போயி மூணு கை அள்ளி அள்ளிக் குடிச்சுட்டு, இங்க வந்து...

சங்கரம்மாள்: குடிச்சியா? ஏ பொன்மணி, குடிச்சியா?

பொன்மணி: இல்ல மதினி. வாய் கொப்புளிச்சேன்... லேசா.

சங்கரம்மாள்: யாத்தே! ஜூஸக் குடிச்சவளுக்கு அந்தத் தண்ணி எதுக்கு? வீட்டுக்குப் போனதும் சுக்கத் தட்டிப் போட்டுக் குடி. ஏ கண்டக்டரே, ஆளு எறங்கணும், நிறுத்துங்க! ராணி, பிரித்திகாவ நாளைக்கு அனுப்புதேன், கோவப்படாமப் பேசு. பொன்மணி... செருப்பு நல்லாருக்கு. பட்டணத்துச் செருப்பாக்கும்.

பொன்மணி: ஆமா மதினி. மக வாங்கிக் குடுத்தா.

சுதாராணி: ...போயிட்டா.

பொன்மணி: ம்.

சுதாராணி: ஏம்மா இப்படிப் புளுகுத? ஜூஸாம்! கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனேனாம்! ‘பெஞ்சுல உக்காரு, யார்ட்டயும் பேசாத, மத்தியானம் வாரேன்’னுட்டு உள்ள போனவ நானு. வந்தேனா?

பொன்மணி: வேல இருந்திருக்கும்.

சுதாராணி: பாட்டில்ல தண்ணி தீந்துபோனா கடையில கேக்கக் கூடாதா? சுத்திச் சுத்திக் கடைதான?

பொன்மணி: யார்ட்டயும் பேசாதன்னியே. தண்ணிதான் முன்னால கெடந்துச்சு. படி வேற கட்டி விட்டிருந்தாவ. நம்ம ஊருணி மாதிரின்னு நெனச்சுட்டேன். குடிக்கத் தண்ணியில செருப்போட எறங்கப்படாதுல்லா... மேலேயே கழட்டிட்டு எறங்குனேன்.

சுதாராணி: ஆமா. ரெண்டையும் ஒட்டி வச்சு, நடக்கவங்க காலுல தட்டக் கூடாதுன்னு ஓரமாத் தள்ளி வச்ச. யம்மா. தண்ணி குடிச்சேன்னு நீ எங்கிட்டச் சொல்லவே இல்ல. செருப்ப எப்படி வச்சன்னும் சொல்லல. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்க மாட்டியா?

பொன்மணி: எதுக்குக் கேக்கணும்?

சுதாராணி: கேளு!

பொன்மணி: நம்ம ஸ்டாப் வரப் போவுது. பைய எடு.

சுதாராணி: எங்க மேசைக்கு முன்னால கேமரா படம் ஓடிக்கிட்டே இருக்கும்மா. அஞ்சு ஏரியும் தெரியும். மாடியில இருந்து ஒரு பொம்பள போன் பண்ணி, யாரோ தண்ணியில எறங்கிட்டாங்கன்னு கத்துனா. படத்துல பாத்தா... நீ. சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, குனிஞ்சு, கண்ண மூடிக் குடிச்சுக்கிட்டு இருக்க. பின்னால மேனேஜர் நின்னாரு. பக்கத்துல எல்லாரும் சிரிச்சாங்க. ‘யாருப்பா இது, எந்தக் காட்டுல இருந்து வந்துச்சு’ன்னு ஒருத்தன்...

பொன்மணி: போதும்.

சுதாராணி: நானும் சிரிச்சேம்மா.

பொன்மணி: போதும்னுல்லா சொல்லுதேன்.

சுதாராணி: நீ போன பொறவும் அந்தச் செருப்பு படத்துல தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கூட்டுத ஆளு வந்து அள்ளிட்டுப் போற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு எட்டு எறங்கிப் போயி எடுத்திருக்கலாம். இது உன் செருப்பான்னு எவனாவது கேட்டுருவானோன்னு...

பொன்மணி: அழாத. எறங்கும்போது நாலு பேரு பாப்பாவ.

சுதாராணி: நான் இன்னும் முழுசாச் சொல்லல. அந்த செக்யூரிட்டிய...

பொன்மணி: அவன் நல்லவன்ட்டி. கையப் புடிச்சு இழுக்கல, ஏசல. தன் பாட்டில்ல இருந்து எனக்குத் தண்ணி ஊத்துனான். ‘யார் வீட்டுக்கு வந்தீங்க, பேரச் சொல்லுங்கம்மா, கூப்புட்டு விடுதேன்’னான். யாருமில்ல, வழி தப்பி வந்துட்டேன்னு சொல்லிட்டேன்.

சுதாராணி: ஏம்மா? எம்பேரச் சொல்ல வேண்டியதுதான? சொல்லியிருந்தா அவன் உன்னய கேட்டுக்கு வெளிய கொண்டு போயி விட்டிருப்பானா?

பொன்மணி: சொல்லத்தாம்ட்டி வாயெடுத்தேன். அதுக்குள்ள அவன் இடுப்புல கெடந்த வாக்கி டாக்கி பேசிருச்சு. ‘அந்தப் பொம்பள யாருன்னு தெரியல, வெளிய அனுப்பிருங்க’ன்னு... தொண்டை கட்டுன குரலு. அன்னைக்குக் காலையிலதான் அந்தத் தொண்டைக்கு ரெண்டு மிளகு குடுத்து அனுப்பியிருந்தேன்.