கேபிளின் அந்த முனை

மத்தியானம் இரண்டரை மணி. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வர வேண்டும் என்று சட்டமா என்ன... கதவோரம் இருக்கிறவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள், சொல்கிறேன்.

ஆள் அரவமில்லாத சாலை. இரண்டு பக்கமும் முள்செடி. வெயிலில் இளகிய தார் வாசனை. சாலை போய் முடிகிற இடத்தில் ஒரு தண்ணீர் நிலையம். அதை நோக்கி ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனவர் என் நண்பனுக்குச் சித்தப்பா. 'மீட்டர்' என்றுதான் கூப்பிட வேண்டும். சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

முற்பகலில் மைத்துனனை அங்கே விட்டுவிட்டு, அதிர்வைச் சத்தமாகக் கேட்க வைக்கிற ஒரு புதுப் பெட்டி வாங்க டவுனுக்குப் போயிருந்தார். மனைவிக்கு ஒரே தம்பி அவன். "முழுசா திருப்பிக் கொண்டாங்க" என்று சொல்லித்தான் அவரோடு வேலைக்கு அனுப்பியிருந்தாள். கழுவிக் காலியாக நின்ற பெரிய இரும்புத் தொட்டிக்குள் இறங்கி, அடிச்சுவரில் ஓர் அதிர்வு சென்சாரை அவன் மாட்ட வேண்டும். எங்காவது கசிந்தால் சுவர் நடுங்கும்; சென்சார் காட்டிக் கொடுத்துவிடும். அதற்கு ஒரே கேபிள். பெட்டியிலிருந்து மின்சாரம் போவதும் அதில்தான், சிக்னல் திரும்பி வருவதும் அதில்தான். "ஒரே வாய்டா அதுக்கு. அதுலயே திங்கணும், அதுலயே பேசணும்" என்பார் மீட்டர்.

கன்ட்ரோல் ரூமில் பம்ப் ஆபரேட்டர் மட்டும் இருந்தார்.

"என் மச்சான் எங்க?"

"சாப்பிடப் போயிருப்பான். தொட்டி வாயில செருப்பு இல்ல, பாத்துட்டேன்."

அங்கே அதுதான் வழக்கம். இறங்குகிறவன் செருப்பை மேலே கழற்றிவிட்டு இறங்குவான். செருப்பு இல்லையென்றால் ஆள் ஏறிவிட்டான் என்று அர்த்தம்.

"சீக்கிரம் பாருங்க மீட்டர். மூணு மணிக்குத் தண்ணி விடணும். ஊரே காஞ்சு கெடக்கு. எனக்கு வர்ற போன்ல பாதி கெட்ட வார்த்தை."

"மீதி?"

"ரொம்பக் கெட்ட வார்த்தை."

சிரித்துக்கொண்டே மீட்டர் கேபிளைப் புதுப் பெட்டியில் சொருகினார். ஸ்பீக்கரைப் போட்டார்.

டொக்.

...டொக். டொக்.

சிரிப்பு நின்றது. இரும்பில் எலும்பு படுகிற சத்தம்.

"உள்ள யாரோ தட்டுறாங்கய்யா."

"காலித் தொட்டியில யாரு? கரன்ட் இரைச்சலா இருக்கும்."

இருக்கலாம். இரண்டும் ஒரே கேபிளில் ஓடும்போது மின்சாரத்தின் இரைச்சலும் சிக்னல் மாதிரியே கேட்கும். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார்.

சத்தம் நின்றது.

"பாத்தீங்களா? கரன்ட் போச்சு, பேயும் போச்சு." ஆபரேட்டர் வெளியே போய் வால்வைத் திருக ஆரம்பித்தார்.

மீட்டருக்கும் நிம்மதி. பையை எடுத்து மூடப் போனார்... பாதியில் கை நின்றுவிட்டது.

பிளக்கைப் பிடுங்கினால் இரைச்சல் நிற்கும், சரி. சென்சாரும் பட்டினியாகி வாயை மூடிவிடுமே? தொட்டிக்குள் ஒருவன் மண்டையை மோதிக்கொண்டு கிடந்தாலும் இங்கே சத்தம் வராதே?

 பையிலிருந்த பேட்டரிகளை அவசரமாகக் கோத்துப் பெட்டிக்குக் கொடுத்தார். பேட்டரியில் இரைச்சல் கிடையாது. இப்போது வருவது தொட்டியின் சத்தம் மட்டும்தான்.

தண்ணீர் பாய்கிற 'ஹோ'. அதற்கும் மேலே... டொக்டொக்டொக்டொக்...

"மூடுய்யா... வால்வ மூடு."

கத்திக்கொண்டே ஓடினார். தொட்டி வாயில் மின்விசிறியை ஊதவிட்டு, இடுப்பில் கயிறு கட்டி இறங்கினார். ஈரத் துருவின் நெடி நெஞ்சை அடைத்தது. டார்ச் வெளிச்சத்தில், மைத்துனன் சுவரில் சாய்ந்து கிடந்தான். செருப்பைக் காலோடு போட்டுக்கொண்டே இறங்கியிருக்கிறான் மடையன். தண்ணீர் அவன் கீழுதட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: மூடிக் கிடந்த தொட்டி, துரு காற்றிலிருந்த ஆக்சிஜனைத் தின்றுவிட்டது. இறங்கிய உடனேயே மயங்கியிருப்பான். விரலைக்கூட அசைத்திருக்க முடியாது.

"தட்டினானே டாக்டர்?"

"வாய்ப்பே இல்ல."

ஆனால் வலது கை விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து, கட்டுப் போட்டிருந்தது. அவன் சட்டைப்பையில் இருந்ததை நர்ஸ் கொண்டுவந்து கொடுத்தாள். சென்சார். பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை. மீட்டர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அப்படியென்றால் கேபிளின் அந்த முனையில் எதுவுமே மாட்டவில்லை. வெறும் கம்பி... இருட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

பொழுது சாயும்போது மைத்துனன் கண்ணைத் திறந்தான். உதடு அசைந்தது.

"மாமா..."

"சொல்லுடா."

"மத்தியானம் பூரா என் கையப் புடிச்சு சுவத்துல தட்டிக்கிட்டே இருந்தீங்க... போதும் மாமா. இப்பவாச்சும் விடுங்க. வலிக்குது."

மீட்டர் நின்றுகொண்டிருந்தது கட்டிலின் கால்மாட்டில். அவருடைய இரண்டு கையிலும் அந்தக் கவர்தான் இருந்தது.