திரும்பி வருவேன் என்ற வாக்கு

தூத்துக்குடி பஸ் காயல்பட்டினம் தாண்டியதும் முன் இருக்கை அம்மா மகளிடம் சொன்னார்: “ஏளா, திரும்பி வருவேன்னு மட்டும் சொல்லிராத.” இப்படி ஒரு புத்திமதியை நான் எந்த பஸ்ஸிலும் கேட்டதில்லை.

“படிச்சு முடிச்சு ஊருக்கு வருவேன்னு சொன்னாத்தாம்மா லண்டன்ல ஸ்காலர்ஷிப்பே தருவாவ. இன்னைக்கு இன்டர்வியூல அதைத்தான் கேப்பாவ.”

“அப்ப வேற ஸ்காலர்ஷிப் பாரு.”

“வேற எங்க இருக்கு? இதை விட்டா அவ்வளவுதான்.”

அம்மா உப்பளத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“எங்கம்மைக்கு மேலுக்குச் சரியில்லன்னு நர்சிங் படிப்பைப் பாதியில விட்டுட்டு வந்தேன். வந்தவ வந்தவதான்.”

“நான் முடிச்சுட்டுத்தான வருவேன்? நீ இங்கன தனியா இருக்கும்போது வராம எங்கம்மா போவேன்?”

“அதுக்குத்தாம்ளா பயப்படுதேன்.”