அஞ்சு பேருக்கு ஒரே டிக்கெட்

மெதுவா மேடம், மெதுவா. குரலக் கொஞ்சம் எறக்கிக்கோங்க, தூங்குறா பாருங்க. டிக்கெட் எல்லாம் இருக்கு. டிக்கெட் இல்லாம ஏறுற ஆளுங்களா நாங்க? இருக்கு, ஆனா இங்க இல்ல. அது லிண்டாவ் போயிட்டு இருக்கு.

சிரிக்காதீங்க, நெஜமாத்தான் சொல்றேன். அஞ்சு பேருக்கு ஒரே டிக்கெட். சனிக்கிழமையானா படிக்கிற பசங்க எல்லாம் சேந்து எடுப்போமே, அந்த பவேரியா டிக்கெட். அஞ்சு பேரு பேரும் அதுல எழுதியிருக்கு. நான் தனாசிஸ், ஊரு கிரீஸ். இவ சைமி, பின்லாந்து. மிச்ச மூணு பேரும் முன்னாடி பாதியில உக்காந்திருக்காங்க, டிக்கெட்டோட. நீங்க என்ன பண்ணீங்க, இம்மென்ஸ்டாட்ல ரயில ரெண்டாப் பிரிச்சு அந்தப் பாதிய லிண்டாவுக்கும் இந்தப் பாதிய ஓபர்ஸ்டார்ஃபுக்கும் அனுப்பிட்டீங்க. ஏரி பாக்கலாம்னு கெளம்பினோம், இப்ப மலை பாக்கப் போயிட்டு இருக்கோம். இது எங்க தப்பா, உங்க தப்பா, நீங்களே சொல்லுங்க.

சரி, சரி, எங்க தப்புதான்.

மைக்ல சொன்னாங்களா? சொன்னாங்க, என்னமோ சொன்னாங்க. எங்களுக்கு ஜெர்மன் எங்க மேடம் புரியுது? வெளிநாட்டுலேர்ந்து வந்து ஆக்ஸ்பர்க்ல ஏதோ ஒரு செமஸ்டர் படிக்கிறோம். டாய்லெட் ரிப்பேர்னு சொல்றாங்களோன்னு நெனச்சோம். ஆமா, இப்ப உங்ககிட்ட பேசிட்டு இருக்கறதும் ஜெர்மன்தான். அது வந்து... இது வாயில வர்ற ஜெர்மன் மேடம். மைக்ல வர்ற ஜெர்மன் வேற.

உக்காருங்களேன், எதிர் சீட்டு காலியாத்தான இருக்கு. காலைலேர்ந்து நின்னுட்டே இருப்பீங்க.

ஃபோன் பண்ணி டிக்கெட்ட படம் புடிச்சு அனுப்பச் சொல்லலாம்தான். ஆனா ஃபோன் இந்தப் பக்கத்துப் பாக்கெட்டுல இருக்கு, இவ சாஞ்சிருக்கற பக்கம். கைய விட்டா தோள் ஆடும், தோள் ஆடினா தலை ஆடும். அதோ, கேக்குதா, கொர்ர் கொர்ருன்னு? இல்ல இல்ல, மொத கொர்ரு இவ குறட்டை. ரெண்டாவதுதான் ஃபோன். யோஸ்ட் கூப்புடுறான்.

யோஸ்ட்தான் எங்க தலைவரு. ஹாலந்துக்காரன். திங்கக்கிழமை உக்காந்தான்னா வெள்ளிக்கிழமை வரைக்கும் சனிக்கிழமைக்குத் திட்டம் போடுவான். எந்த ஊரு போனாலும் மொதல்ல சர்ச்சு, அப்புறம் டவுன் ஹாலு, அப்புறம் அவன் வீட்டுலேர்ந்து கட்டிட்டு வந்த ரொட்டி. ரொட்டிக்கு நடுவுல ஒரே ஒரு சீஸ் துண்டு, பேருக்கு. நாம வாய தொறந்து மூடறதுக்குள்ள கெளம்புன்னுவான். கூட ரெண்டு பேரு, உனாய், நெரேயா, ஸ்பெயின்ல பில்பாவோக்காரங்க. லவ்வர்ஸ். போற ரயில்ல சண்ட, வர்ற ரயில்ல சமாதானம். நடுவுல என்ன ஊரு பாத்தீங்கன்னு கேட்டா அதுங்களுக்குத் தெரியாது.

சைமியா? அவ ஒண்ணும் பேச மாட்டா. நான் பேசறதுல நூத்துல ஒண்ணு பேசினா அதிகம். ஆனா எங்க அலாரம் அவதான். திரும்பி வர்றப்ப நாங்க நாலு பேரும் வாயப் பொளந்துட்டு தூங்குவோம், இவ மட்டும் ஜன்னல் வழியா பாத்துட்டே வருவா. ரயில்ல எனக்குத் தூக்கம் வராதும்பா. ஆக்ஸ்பர்க் வந்ததும் ஒவ்வொருத்தர் மூக்கையும் புடிச்சு எழுப்பி விடுவா. இந்த அஞ்சு மாசத்துல இன்னிக்குத்தான் பாவம், அவ தூங்கி நான் பாக்குறேன். அதான் சொல்றேன், மெதுவா.

ஏன் தனியா வந்து ஏறினோம்னா, அது என்னாலதான். வண்டி கெளம்பப் போகுது, எனக்கு அந்த உப்பு ரொட்டி, ப்ரெட்சல் வேணும்னு தோணிச்சு. மத்தவங்க எல்லாம் முன்னாடி போயிட்டாங்க. இவ மட்டும் எனக்காக ப்ளாட்ஃபார்ம்ல நின்னா. நான் வாயில ஒண்ணு, கையில ஒண்ணோட ஓடி வர்றேன், என் பையப் புடிச்சு ஒரே இழு, இந்தக் கதவுக்குள்ள இழுத்துப் போட்டுட்டா. பாக்கத்தான் ஒல்லி. என்னா பலம்ங்கறீங்க!

ஊரு சுத்திப் பாத்ததா? நல்லா பாத்தோம் போங்க. ராஜா கட்டின கோட்டை இருக்கே, மலை மேல வெள்ளையா, அங்கதான் மொதல்ல போனோம். அன்னிக்குன்னு பாத்து பனிமூட்டம். கோட்டை இருக்க வேண்டிய எடத்துல பாலக் கொட்டி வெச்ச மாதிரி இருக்கு. யோஸ்ட் கைய நீட்டி, அங்கதான் இருக்குன்னு சத்தியம் பண்றான். நின்னோம், நின்னோம், காலு மரத்துப்போற வரைக்கும் நின்னோம். கடைசியா கீழ ஒரு கடையில கோட்டைப் படம் போட்ட குளியல் துண்டு வித்தாங்க. உனாய் அத ரெண்டு கையாலயும் விரிச்சுப் புடிச்சான், நாங்க முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுத்துக்கிட்டோம். எங்கம்மா அந்த ஃபோட்டோவ ஹால்ல மாட்டி வெச்சிருக்கா. ஓரத்துல துண்ட எப்படித் துவைக்கணும்னு ஜெர்மன்ல எழுதியிருக்கு. அது ராஜா வெச்ச கல்வெட்டுன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு இருக்கா.

அன்னிக்கே சொல்லிடலாம்னுதான் நெனச்சேன். கோட்டைக்கு முன்னாடி வெச்சு. துண்டுக்கு முன்னாடி நின்னு எப்படிச் சொல்றது?

யாருகிட்ட என்னத்தன்னா கேக்குறீங்க? என்னக்கா நீங்க! இவகிட்டதான். ஒரு பையன் ஒரு பொண்ண கோட்டை வரைக்கும் கூட்டிட்டுப் போயி என்ன சொல்லுவான், மணி என்னாச்சுன்னா கேப்பான்?

அப்புறம் உல்ம் போனோம். அந்த சர்ச் கோபுரத்து உச்சியில வெச்சு சொல்லணும், காத்து அடிக்கணும், அவ முடி பறக்கணும், எல்லாம் மனசுல ஓட்டி வெச்சிருந்தேன். பாதி ஏறினப்ப சுவர் ஓட்டை வழியா கீழ பாத்தேன் பாருங்க, அவ்வளவுதான். தலை சுத்திடுச்சு. சுவரப் புடிச்சுட்டு படியிலயே குந்திட்டேன். சுத்திச் சுத்திப் போற ஒடுக்கமான படி, எனக்குப் பின்னாடி பஸ்ல வந்த ரிட்டையர் ஆன பெரியவங்க ஒரு கூட்டமே நிக்குது. ஒருத்தரு கைத்தடியால என் முதுகுல தட்டி, தம்பி, உசுரோட இருக்கியா, இல்ல தாண்டிப் போலாமான்னு கேக்குறாரு. யோஸ்ட் மேலேர்ந்து கத்துறான், கோபுரத்துக்கு ஒதுக்கின நேரம் முடிஞ்சு போச்சாம்.

இவ மட்டும் எறங்கி வந்து பக்கத்துல உக்காந்தா. பையத் தொறந்து ஒரு கருப்பு மிட்டாய எடுத்து என் வாயில போட்டா. அக்கா, அது மிட்டாயே கெடையாது. ரோட்டுத் தாரையும் உப்பையும் சேத்துக் காய்ச்சின மாதிரி ஒரு சாமான். அவங்க ஊர்ல அத ஆசையாத் திம்பாங்களாம். என் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நல்லாயிருக்கான்னு கேட்டா. அருமைன்னு சொல்லித் தொலைச்சேன். அன்னிலேர்ந்து வாராவாரம் எனக்குன்னு தனியா ஒரு டப்பா. அவ அக்காகிட்ட சொல்லி ஊர்லேர்ந்து பார்சல்ல வரவழைக்கிறா. தின்னு தின்னு எனக்கு நாக்கே செத்துப் போச்சு. ஆனா ஒண்ணு விடாம தின்னுட்டேன். இதோ, மேஜை மேல இருக்கு பாருங்க டப்பா, ஒண்ணு எடுத்துக்கோங்க. எடுங்க, எடுங்க.

என்னக்கா, முகம் அப்படிக் கோணுது? துப்பிடாதீங்க. ரயில்ல துப்பினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாததா?

இன்னொரு வாரம் ஏரியில மிதி படகு. ரெண்டு ரெண்டு பேரா ஏறணும். கடவுளாப் பாத்துக் குடுத்த வாய்ப்பு, இதுல என்ன தப்பாப் போயிடும்னு ஏறி உக்காந்தேன். அன்னிக்குன்னு பாத்து உனாய்க்கும் நெரேயாவுக்கும் பெரிய சண்ட. அவ இருக்கற படகுல நான் ஏற மாட்டேன்னு உனாய் வந்து எங்களுக்கு நடுவுல உக்காந்துட்டான். ஏரி முழுக்க அழுதுட்டே வந்தான். நான் முதுகத் தடவிக் குடுக்கறேன், சைமி ஒருத்தியே மிதிக்கிறா. அதுலயும் அவன் என்னப் பாத்துக் கேக்குறான், தனா, உனக்கு லவ்வுன்னா என்னன்னு தெரியுமான்னு. புடிச்சுத் தண்ணியில தள்ளிடலாமான்னு இருந்துச்சு.

இப்படியே ஒவ்வொரு சனிக்கிழமையும் போச்சு. இன்னிக்குத்தான் கடைசி. செவ்வாய்க்கிழமை இவ ஊருக்குப் போறா. அவ்வளவுதான்க்கா, போனா போனதுதான். அவ ஊருக்கும் என் ஊருக்கும் நடுவுல மொத்த ஐரோப்பாவும் கெடக்கு. ஃபோன்ல பேசிக்கலாம்பீங்க. நேர்லயே வாயத் தொறக்காதவ ஃபோன்ல என்னத்தப் பேசப் போறா? லிண்டாவ் துறைமுகத்துல ஒரு சிங்கச் செல இருக்காமே, அதுக்குப் பக்கத்துல நின்னு இன்னிக்கு சொல்லிடணும்னு வந்தேன். சொல்லாம அனுப்பிட்டேன்னா ஆயுசுக்கும் என்னை நானே திட்டிட்டுக் கெடப்பேன்.

என்ன? அடுத்த ஸ்டேஷன் சொந்தோஃபனா? எறங்கி எதிர் வண்டியப் புடிச்சா இம்மென்ஸ்டாட் போயி லிண்டாவ் வண்டி ஏறிடலாமா? அங்க யோஸ்ட்டும் காத்திட்டு இருப்பான், டிக்கெட்டும் இருக்கும், சிங்கமும் இருக்கும். புரியுதுக்கா. நல்ல யோசனதான். ஆனா அதுக்கு இவள எழுப்பணும்ல?

இல்ல, எழுப்பலாம்தான். எழுப்பக் கூடாதுன்னு சட்டமா இருக்கு? வந்து... எப்படிச் சொல்றது. சரி, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. மைக்ல சொன்னது எனக்குக் கேட்டுச்சுக்கா. நல்லாவே புரிஞ்சுது. முன்பாதி லிண்டாவ், பின்பாதி ஓபர்ஸ்டார்ஃப், பாத்து மாறி உக்காருங்க. திரும்பத் திரும்ப சொன்னாங்களே, கடைசி தடவ அவங்களோட சேந்து நானும் மனசுக்குள்ள சொன்னேன். மாறி ஏற வேண்டிய நேரமும் இருந்துச்சு. ஆனா கெம்ப்டன் ஸ்டேஷன் தாண்டினதும்தான் இவ தலை மெதுவா சாஞ்சு சாஞ்சு என் தோள்ல வந்து விழுந்துச்சு. நான் அசையவே இல்ல. ரயிலு ரெண்டாப் பிரிஞ்சா பிரியட்டும்னு விட்டுட்டேன். சிங்கத்துக்கிட்ட போயி நான் மறுபடி ஏதாவது சொதப்புவேன், யோஸ்ட் விசில் ஊதுவான், உனாய் அழுவான். இது எதுவும் இல்லாம இப்படியே சும்மா உக்காந்துட்டுப் போறது எவ்வளவு நல்லாயிருக்கு தெரியுமா?

அதனால நீங்க ஃபைன் எழுதுங்க. ரெண்டு பேருக்கும் எழுதுங்க, சந்தோஷமா வாங்கிக்கறேன். அந்தச் சின்ன மெஷின் சீட்டு அடிக்கும்போது சத்தம் போடும்ல, அத மட்டும் கொஞ்சம் தள்ளி நின்னு அடிச்சுட்டு வாங்க.

ஏன்க்கா சிரிக்கிறீங்க? வந்ததுலேர்ந்து பாக்குறேன், சிரிச்சுட்டேதான் இருக்கீங்க.

என்னது?

இவளா? எப்போ? ஆக்ஸ்பர்க் ப்ளாட்ஃபார்ம்லயா? நான் ப்ரெட்சல் வாங்கப் போனப்பவா? லிண்டாவ் போறது எந்தப் பாதின்னு உங்ககிட்ட வந்து கேட்டாளா? நீங்க என்ன சொன்னீங்க? முன்பாதின்னு கையக் காட்டியே சொன்னீங்களா? நேரம் இருக்கு, மெதுவா நடந்தே போலாம்னு வேற சொன்னீங்களா? அவ என்ன சொன்னா? நன்றின்னு மட்டும் சொன்னாளா?

இருங்க, இருங்க. அப்புறமும் இந்தக் கதவுக்குள்ளயா என்னை இழுத்துப் போட்டா?

அக்கா, அவ ரயில்ல தூங்கவே மாட்டாளே.

குறட்டை எப்ப நின்னுச்சு? நீங்க கவனிச்சீங்களா? அக்கா, எங்க எழுந்துட்டீங்க? ஃபைன்? அடுத்த பெட்டி முழுக்க பாத்துட்டு அப்புறம் வர்றீங்களா? சரி. ஒண்ணும் அவசரம் இல்ல, ஒவ்வொருத்தர் டிக்கெட்டையும் நல்லா நிதானமாப் படிச்சுப் பாத்துட்டு வாங்க. மிட்டாய அங்க போயி துப்பிக்கோங்க.

சைமி. ஏய், சைமி. எப்பலேர்ந்து முழிச்சிருக்க?

சிரிக்காத, தோள் ஆடுது. சொல்லு. படகு கதைலேர்ந்தா? அதுக்கும் முன்னாடியா? துண்டுலேர்ந்தேவா? அப்ப மிட்டாய் விஷயம்... அதுவும் கேட்டுடுச்சா?

ஐயோ, இல்ல இல்ல, கண்ணத் தொறக்காத. சொந்தோஃபன் வருது. அந்த ஸ்டேஷன் தாண்டட்டும், அப்புறம் எந்திரிச்சுக்கலாம்.