இருமுடியில் வந்த கார்புரேட்டர்

பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் போகும் பஸ். தெமோதரை வளைவுகளில் அது மெதுவானபோது முன் சீட்டுப் பேச்சு என் காதில் விழுந்தது. இருவரில் இளையவர் தோட்டத்தில் வேன் ஓட்டுபவர் போலிருக்கிறது.

"இருமுடியிலதான் வச்சுக் கொண்டாந்தேன் அண்ணே."

"எதை?"

"பழைய கார்புரேட்டர் ஒண்ண. நம்ம வேனுக்கு இங்க எங்க தேடியும் கெடைக்கல. சபரிமல போயிட்டுத் திரும்பறப்ப மெட்ராஸ்ல பழைய சாமான் கடையில வாங்கினேன்."

"ஏர்போட்டுல புடிக்கலையா?"

"மத்த பேக்கெல்லாம் கொட்டிப் பாத்தாங்க. இருமுடியத் தொடல. துணியில ஒயில் கசிஞ்சிருந்துச்சு. கஸ்டம்ஸ் மாத்தயா, அங்க இருந்த ஆபீசர், அதப் பாத்துட்டு, நெய்யான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன். அவரு சப்பாத்தக் கழட்டி வச்சுட்டு இருமுடியக் கும்பிட்டாரு. அப்புறம் என்னையும் சாமின்னு கும்பிட்டாரு."

அடுத்த வளைவில் பெரியவர் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வேன் இப்ப ஓடுதா?"

"நல்லா ஓடுது. தம்பி ஓட்டுறான். நான் அதுல ஏறுறதில்ல, பஸ்ஸுலதான் போறேன், அண்ணே."