துபாய் இயர்போனில் அம்மாவின் குரல்

"உங்கம்மா மூச்சு வாங்கறதுகூடக் கேக்குதுடா!"

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்து இந்தக் கத்தல் வந்தது. துபாயிலிருந்து லீவில் வந்த இரண்டு சிநேகிதர்கள். ஒருவர் புது வாக்மேனின் இயர்போனைக் காதுக்குள் சொருகிச் சோதித்துக்கொண்டிருந்தார். ஓடியது, மற்றவரின் மனைவி கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்.

"துபாய் ரூம்ல போட்டப்போ எம் பொண்டாட்டி குரல் மட்டும்தானே கேட்டுச்சு?"

"அது டப்பா செட்டுடா. இதுல கோழி கொத்தறதுகூடத் தனியா கேக்குது. இரு, இரு... பின்னாடி உங்கம்மா குசுகுசுன்னு என்னமோ சொல்லிக்கினு இருக்குது."

"இன்னா சொல்லுது?"

காது அடைத்திருந்ததால் அவர் பஸ்ஸுக்கே கேட்கும்படி கத்தினார்: "'கெணத்துல தண்ணி வந்தத சொல்லிடாதடி. அடுத்த மாசம் வர்றான் இல்ல, அவனே பாக்கட்டும்!'"

மற்றவர் இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் சொருகினார். மூன்று முறை திருப்பிப் போட்டுக் கேட்டார்.

"ரெண்டு வருசமா தோண்டியும் வெறும் பாறையா வந்த கெணறுடா அது!"

டிக்கெட் போட வந்த கண்டக்டர் அவர் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணே, வூட்டுக்குப் போனதும் ஒண்ணும் தெரியாத மாதிரி மூஞ்ச வச்சுக்கங்க. இப்பவே அத்தினி பல்லும் தெரியுது."