ஆனைமடை ஸ்பீக்கரில் கோளாறு இல்லை

சாரல் காலத்தில் அப்பளமும் ஸ்பீக்கரும் ஒன்றுதான், இன்ஸ்பெக்டர் ஐயா, இரண்டும் நமுத்துப்போகும். ஸ்பீக்கருக்குள்ளே இருப்பது வெறும் காகிதம். குற்றாலத்தில் மேகம் இறங்கிவிட்டால் தென்காசியில் என் கடைக்கு வேலை வந்துவிடும். அருவிக்கரை விடுதிகளில் கட்டியிருப்பதெல்லாம் சளி பிடித்த மாதிரி பாடும். நான் போய்க் கழற்றி, அடுப்புச் சூட்டில் காயவைத்து, மறுபடி மாட்டிவிட்டு வருவேன். பால்வண்ணநாதன் மாட்டினால் கரகரக்காது என்று செங்கோட்டை வரைக்கும் எனக்குப் பேர். பெருமைக்காகச் சொல்லவில்லை. முத்துவடிவு செத்த விஷயத்தில் என் கருவியின் மேல் யாரும் பழி போட்டுவிடக் கூடாதே என்றுதான் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

ஆனைமடைக்கு நான் போனது அறுபத்தோராம் வருஷம். இலத்தூருக்கு அந்தப் பக்கம், குளத்தை நம்பிப் பிழைக்கிற சின்ன ஊர். பஞ்சாயத்து பிரசிடெண்ட் சிவனணைந்தபெருமாள். அவரை எதிர்த்து யாரும் தேர்தலில் நின்றதில்லை. ஒருத்தர் நிற்கப் பார்த்தார். அவர் வயலுக்குத் தண்ணீர் போகிற மடையை பிரசிடெண்ட் அடைத்துவிட்டார். வாபஸ் வாங்கியதும் திறந்துவிட்டார். மற்றபடி நல்ல மனுஷர்; போனதும் மோர் கொடுப்பார். அவர் வருகிற தெருவில் யாரும் தும்மக் கூடாது என்று மட்டும் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். போகிற காரியம் கெட்டுவிடுமாம். அவர் தலை தெரிந்தால் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும். அந்த ஊரில் வியாபாரம் பண்ண எனக்கு ஒரு சிரமமும் தெரியவில்லை. எனக்குத் தும்மல் வருவதில்லை.

தெருவுக்கு ஒரு கம்பம், கம்பத்துக்கு ஒரு ஸ்பீக்கர். பஞ்சாயத்து ஆபீசில் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும். செய்தியும் விவசாய நிகழ்ச்சியும் ஊர் முழுக்கக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. மாட்டி முடித்த அன்றைக்கு பிரசிடெண்ட் முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"நாம பேசுதது அவனுவளுக்குக் கேக்குது. அவனுவ பேசுதது நமக்குக் கேக்க மாட்டேங்குதே, வே" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் வாடிக்கைக்காரர் குறைப்பட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஸ்பீக்கரின் வயரைக் கழற்றி, மைக் செருகுகிற இடத்தில் கொடுத்தால் போதும். தெருவில் பேசுவதை அதே காகிதம் உள்ளே வாங்கித் தந்துவிடும். தொழிலில் இருப்பவனுக்கு இது தெரிந்த சங்கதி. ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தேன். மேலே தள்ளினால் ஆபீசில் பேசுவது ஊருக்குக் கேட்கும். கீழே தள்ளினால் ஊர் பேசுவது ஆபீசுக்குக் கேட்கும். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கம்பத்துக்குப் பெயிண்ட் அடிக்கட்டுமா என்று மட்டும் கேட்டேன்.

முதலில் அவருக்குப் பெரிய ஏமாற்றம். புளி விலை, மாமியார் கொடுமை, யார் வீட்டு ஆடு யார் வீட்டு அகத்தியைத் தின்றது என்றே வந்துகொண்டிருந்தது. "ஏம்வே, நம்மளப் பத்தி ஒரு பய வாயத் திறக்க மாட்டேங்கானே" என்று மனம் நொந்துபோனார். கடைசியில் ஒருத்தர், ரேடியோவில் பிரசிடெண்ட் பேசினால் எருமைக்கிடா கத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். அவர் மடை அன்றைக்கே அடைபட்டது. ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அதன் பிறகு ஜனங்கள் கம்பத்தடிக்கு வந்து, அண்ணாந்து பார்த்து, "நம்ம பிரசிடெண்டு தங்கமான மனுசருல்லா" என்று சொல்லிவிட்டு, சொந்தப் பேச்சைக் குளத்தங்கரையில் போய்ப் பேசினார்கள். பிறகு அதுவும் நின்றது. மூக்கம்மாளும் அவள் மருமகளும் கைஜாடையிலேயே சண்டை போட்டார்கள்; ஆபீசில் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

பிரசிடெண்ட் எனக்கு ஆள் அனுப்பினார். "செட்டு ரிப்பேரு. ஒரு சத்தத்தையும் காணும். கழத்திட்டுப் போயிரும்" என்றார். கடையம் பக்கத்துப் பிரசிடெண்டுகள் அதைப் பார்க்க வருவதாக இருந்த நேரம். வந்து பார்த்தால் எனக்கு ஆர்டர் கிடைக்கும்.

செட்டில் கோளாறு இல்லை. ஊரே வாயை மூடிக்கொண்டால் கருவி என்ன செய்யும்? ஆனால் அதை வாடிக்கைக்காரரிடம் எடுத்துச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வழக்கம்போல் கம்பத்தடியில் நின்று, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றேன். எந்த ஊரிலும் அதுதான் முறை. அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"உம்ம சத்தத்த வச்சு நான் என்ன செய்ய? ஊர்க்காரன் சத்தம் கேக்கணும்" என்றார்.

அதனால் மறுநாள் மேலத்தெருக் கம்பத்தடிக்குப் போனேன். அது அய்யாக்குட்டி என்கிற கத்திரிக்காய் பயிரிடுகிற சம்சாரியின் வீட்டு வாசல். வெற்றிலையை அதக்கிக்கொண்டு மூக்கால் பேசுகிறவர். அவர் மாதிரிப் பேசுவது யாருக்கும் சுலபம். தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, "பிரசிடெண்டுக்கு மீசை இருக்க அளவுக்கு மூளை இல்லலே" என்று அவர் குரலில் சொன்னேன். டெஸ்டிங்குக்கு ஒரு வாக்கியம் போதும். ஆபீசுக்குத் திரும்பினேன். பிரசிடெண்ட் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

சாயங்காலம் அய்யாக்குட்டியை ஊர்க்கூட்டத்தில் நிறுத்தினார்கள்.

"அண்ணாச்சி, நான் பாவூர்சத்திரம் சந்தையில கத்திரிக்கா போட்டுட்டு நின்னேன். கூட வந்தவன் இந்தா இருக்கான், கேளுங்க. எம் பொண்டாட்டிக்கு இது நெறமாசம். ஊர்விலக்கு மட்டும் வேண்டாம். கால்ல விழுதேன்" என்றார்.

ஊர்விலக்கு போட்டால் கடையில் சாமான் கிடையாது, யாரும் நெருப்புகூடக் கொடுக்க மாட்டார்கள், மருத்துவச்சி கோமதியம்மாள் படி ஏற மாட்டாள். இது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"மனுசன் பொய் சொல்லுவான். மிசினு சொல்லுமாலே?" என்றார் பிரசிடெண்ட். என் பக்கம் திரும்பி, "நீரு சொல்லும்வே. இது தப்பாச் சொல்லுமா?" என்று கேட்டார்.

நான் எழுந்து நின்று தொழில்காரனாகப் பதில் சொன்னேன். காதில் விழுந்ததைத்தான் இது கொடுக்கும், விழாததைக் கொடுக்காது என்றேன். அதில் ஒரு சொல் பொய் கிடையாது, ஐயா. எந்த எஞ்சினியரிடமும் நீங்கள் கேட்டுக்கொள்ளலாம்.

ஊர்விலக்கு போட்டார்கள்.

கடையம் பிரசிடெண்டுகள் ஒரு நாள் மத்தியானம் வந்து சேர்ந்தார்கள். மோர் குடித்தார்கள். சுவிட்சைக் கீழே தள்ளினேன். ஊர் கப்சிப்பென்று கிடந்தது. ஒருத்தர் கொட்டாவி விட்டார். அப்போதுதான் மேலத்தெருவிலிருந்து குரல் வந்தது.

"பிரசிடெண்டு அண்ணாச்சி, கேக்குதா? நாந்தான் சொன்னேன். ஒத்துக்கிடுதேன். என்னைய என்ன வேணும்னாலும் செய்ங்க. புள்ள குறுக்கால கெடக்கு அண்ணாச்சி. கோமதியம்மாள அனுப்புங்க. அவ தாங்க மாட்டா. அண்ணாச்சி, கேக்குதா?"

வந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "பக்கத்துல நின்னு பேசுத மாதிரில்லா இருக்கு" என்றார் ஒருத்தர். அய்யாக்குட்டி குரலுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து அவர் பெண்டாட்டி முத்துவடிவு கத்துவதுகூடத் தனியாகப் பிரிந்து கேட்டது. அவ்வளவு துல்லியமாக அதற்கு முன்னால் நானே கேட்டதில்லை. குடித்துக்கொண்டிருந்த மோரைக் கீழே வைத்துவிட்டேன். மனுஷன்தானே நானும்.

என் கை சுவிட்சின் மேல்தான் இருந்தது. அதை மேலே தள்ளி, அன்றைக்குப் பேசினது நான், கோமதியம்மாள் போகட்டும் என்று சொன்னால் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் பார்க்க வந்தவர்கள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்துவது மரியாதை இல்லை. பிரசிடெண்ட் கச்சேரி கேட்கிற மாதிரி கண்ணை மூடியிருந்தார். அய்யாக்குட்டி அலற ஆரம்பித்ததும் நான் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவைத்தேன். கரகரத்தால் செட்டைத்தானே குறை சொல்வார்கள்.

பொழுது சாய்வதற்குள் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். கடையம் பக்கம் இப்போது பல ஊர்களில் என் செட்தான் மாட்டியிருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அய்யாக்குட்டி மொட்டைத் தலையோடு என் கடைக்கு வந்தார். காப்பி வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணாச்சி, நீங்க வெவரம் தெரிஞ்சவுக. நான் பாவூர்சத்திரத்துலதான் நின்னேன்னு நெனைக்கேன். ஆனா மிசினு சொல்லுதே. நாந்தான் அந்தப் பேச்சப் பேசித் தொலைச்சேனா? என்னாலதான் அவ போனாளா?"

"ஆமாப்பா, நீதான் பேசின" என்றேன்.

பெண்டாட்டியையும் பிள்ளையையும் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவனிடம், ஒன்றுமே இல்லாததற்குத்தான் இப்படி ஆயிற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஐயா. எனக்குச் சின்ன வயதிலிருந்தே இளகின மனசு.