வெண்டல் ப்ரிடியின் வலது தோள்

குளிர்காலத்தில் எங்கள் வேலை பெரும்பாலும் காப்பி குடிப்பதுதான். மைதானம் பனியில் கிடக்கும். நாங்கள் நான்கு பேர், ஒப்பந்தம் முடிந்து எந்த பேஸ்பால் அணியிலும் இல்லாமல் நிற்கும் வீரர்களின் பெயர்களைப் பலகையில் எழுதுவோம், அழிப்போம். நட்சத்திரங்களை மேலாளர் வாரன் டுப்ரே பார்த்துக்கொள்வார். என் பொறுப்பு அணிப் பட்டியலின் கடைசி இரண்டு இடங்கள். யாருக்காவது கணுக்கால் பிசகினால் இறங்கி ஆடுகிறவர்கள். மலிவாகக் கிடைக்க வேண்டும், முகம் சுளிக்காமல் பெஞ்சில் உட்கார வேண்டும்.

லீக் அலுவலகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து கேட்கிறீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெண்டல் ப்ரிடியை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அவருக்கு முப்பத்தைந்து வயது. மைதானத்தில் நான்கு இடங்களில் எதில் நிறுத்தினாலும் ஆடுவார். ஏஜெண்ட் இருந்தும், டிசம்பரில் அவரே எனக்குப் போன் செய்தார்.

“நாடின், இந்த வருஷமும் சந்தையில நிக்கிறேன். பல்லைப் பிடிச்சுப் பாக்கணும்னா வந்து பாத்துக்கோங்க.”

“பல்லை விடுங்க. ஓட முடியுதா?”

“லோரீன் துரத்தினா பிரமாதமா ஓடுவேன்.”

பின்னாலிருந்து அவர் மனைவி லோரீனின் குரல் கேட்டது. “தயவுசெஞ்சு கூட்டிட்டுப் போயிடுங்க, நாடின். வீட்ல இருக்கிற கதவையெல்லாம் கழட்டிக் கழட்டி மாட்டிட்டிருக்காரு.”

பிறகு வெண்டல் குரலைத் தாழ்த்தினார். பெரிய லீக்கில் பத்து வருடம் முடிக்க அவர் ஏதாவது ஓர் அணியில் இன்னும் நாற்பத்தொரு நாள் இருந்தால் போதும். பத்தாம் வருடம் முடிகிற அன்று உடை மாற்றும் அறையில் எல்லோரும் எழுந்து நின்று கோப்பையை உயர்த்துவார்கள். அந்த நாளைப் பார்ப்பவர்கள் குறைவு. “நாலு பேருக்கு நான் ஊத்திக் குடுத்திருக்கேன். எனக்கும் ஒரு தடவை யாராவது ஊத்தணும், அவ்வளவுதான்” என்றார்.

அது எங்கள் அறையில் நடக்க வேண்டும் என்று விரும்பினேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு அணி அவருக்கு இரண்டு வருட ஒப்பந்தம் தரத் தயாராக இருந்தது. எங்களால் அதில் பாதிகூட முடியாது. இப்படிப்பட்ட ஆட்டக்காரரை யாரும் திறமைக்காக எடுப்பதில்லை. எந்த நாளும் தயாராக இருப்பார் என்பதற்காக எடுக்கிறார்கள். அதில் ஒரு சந்தேகம் விழுந்தால் போதும்.

எல்லா அணிகளும் கூடும் டிசம்பர் மாநாட்டில், ஹோட்டலின் காலை உணவு வரிசையில், வேறு அணியில் இருக்கும் ஒரு பழைய நண்பரிடம் கேட்டேன். “ப்ரிடியோட தோள் சரியில்லையாமே?” அவ்வளவுதான். ரொட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

என் யோசனை நியாயமானது. ஜனவரிக்குள் விலை இறங்கும். நாங்கள் எடுத்துக்கொள்வோம். மார்ச் கடைசியில் ஆட்டங்கள் தொடங்கும், மே மாதத்தில் அவருக்குக் கோப்பையை உயர்த்துவோம்.

பத்து நாளில் அந்த அணி விலகியது. ஜனவரி கடைசியில் அவர் பெயரைப் பலகையில் எழுதினேன். வாரன் எழுந்து வந்து துடைத்தார்.

“அவனுக்குத் தோள் போச்சு. உனக்குத் தெரியாதா?”

“யார் சொன்னாங்க?”

“மூணு டீம்ல சொல்லிட்டாங்க. நீ எந்த உலகத்துல இருக்க?”

அப்போது சொல்லியிருக்கலாம். அந்தப் பேச்சு எங்கிருந்து புறப்பட்டது என்று சொல்லாமல் அது பொய் என்று சொல்ல ஒரு வழியைத் தேடினேன். கிடைக்கவில்லை.

“நான் டிசம்பர்லயே கேள்விப்பட்டேன்” என்றேன்.

“அப்புறம் எதுக்கு எழுதின?”

“உறுதிப்படுத்திக்கத்தான்.”

பிப்ரவரியில் வெண்டல் தன் தோளைக் காட்ட எல்லா அணிகளின் ஆட்களையும் நெப்ராஸ்காவில் தன் ஊர்ப் பள்ளி மைதானத்துக்கு அழைத்தார். பதினேழு பேர் போனோம். வாயைத் திறந்தால் புகை வந்தது. அவர் எறிந்த பந்துகளில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் யாரும் எதுவும் எழுதவில்லை. காயத்தைப் பார்க்க வந்தவர்களுக்கு நல்ல எறி ஒரு மறைப்பாகத்தான் தெரியும்.

“இன்னும் பின்னால போய் எறிங்க, தாத்தா” என்றான் ஒருவன்.

“போறேன்டா பேராண்டி, பந்து வந்து சேர்றதுக்குள்ள நீ தூங்கிடாத” என்று சிரித்துக்கொண்டே வேலி வரை போனார்.

ஐம்பது எறிந்ததும் போதுமா என்று என்னைப் பார்த்தார். மற்றவர்கள் நம்புவார்கள் என்ற நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். “இன்னும் பத்து, வெண்டல்.”

ஏழாவது பந்து பாதி தூரத்தில் விழுந்தது. வேறு யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போல வலது கையை இடது கையால் ஏந்தி நின்றார். லோரீன் காரிலிருந்து கோட்டுடன் ஓடி வந்தாள். அதை எப்படிப் போர்த்துவது என்று தெரியாமல் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அறுவை சிகிச்சை நடந்தது. இனி எறிய முடியாது. அந்த நாற்பத்தொரு நாள் அப்படியே இருக்கிறது.

டிசம்பரிலேயே நாடினுக்குத் தெரியும் என்று வாரன் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார். இப்போது கூட்டங்களில் எனக்கு அவர் பக்கத்து நாற்காலி.

ஏப்ரலில் வெண்டல் போன் செய்தார்.

“நீங்க முன்னாடியே கண்டுபிடிச்சிட்டீங்களாம். நான்தான் எனக்கே மறைச்சிருக்கேன் போல. யோசிச்சுப் பாத்தா, போன வருஷமே காலையில எந்திரிக்கும்போது ஒரு மாதிரிதான் இருந்துச்சு. உங்களை வேற அந்தக் குளிர்ல அலைய வெச்சிட்டேன். மன்னிச்சிருங்க, நாடின்.”

“பரவால்ல, வெண்டல்” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அந்த வரிசையில் நின்றபோது என்னிடம் என்ன ஆதாரம் இருந்தது என்று கேட்கிறீர்கள். ஒன்றும் இல்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவும்போது யோசித்தது. முதலில் முழங்கால் என்று நினைத்தேன், பிறகு தோள் என்று மாற்றினேன். ஆனால் வலி இருந்தது என்று அவரே இப்போது சொல்கிறார். அது அவருடைய தோள். அவருக்குத் தெரியாதா?